'விடு' என்றால் விடுகிற நாய்கள்

பிளாக்ஹவுஸ் பே என்ற கடலோரப் புறநகரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு நாய்கள் இருந்தன. குடிவந்த முதல் வாரத்திலேயே அவற்றைப் பற்றிப் புகார் சொல்லப் போனேன். விடியற்காலை நாலரை மணிக்குக் குரைக்க ஆரம்பித்தால் ஆறு மணி வரை ஓயாது. ஏழு மணிக்குக் கிளம்பி, பாலம் தாண்டி, ஆல்பனியில் இருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து, சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. தூக்கம் கெட்ட கண்ணுக்குப் பிழை அகப்படாது. "கவுன்சிலுக்கு ஆன்லைன்ல ஒரு கம்ப்ளெயின்ட் போட்டுடு" என்றார் என் கணவர். படிவத்தைப் பாதி நிரப்பிய பிறகு, எதற்கும் ஒரு முறை நேரில் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தெருவைச் சுற்றிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளம், கட்டையான உடம்பு. கிடங்குகளில் போடும் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டையைக் கூட இன்னும் கழற்றவில்லை. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "தமிழோ?" என்றார்.

"ஆமா."

"நானும் தமிழ்தான். மன்னார். சொல்லுங்கோ தங்கச்சி, எத்தினை மணிக்குக் குலைக்குதுகள்?"

நாலரை என்றேன். "அது பொசம் எண்ட மரமேறிப் பிராணி. உங்கடை எலுமிச்சை மரத்துக்கு வேலியாலை வருது. இதுகளின்ரை கூடு வேலியோடை இருக்கிறதாலைதான் வில்லங்கம். நான் பாக்கிறன்."

பார்க்கிறேன் என்று சொல்லுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று மாலையே வேலிக்கு அப்பால் கல் உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தனி ஆளாகச் சிமெண்டுக் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தள்ளுவண்டியில் வைத்து, நாய்க்கூட்டை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து, வேலிக்கு மேலே தலை மட்டும் தெரிய நின்று கேட்டார்: "இப்ப நித்திரை வருதோ?" அந்தப் படிவத்தை அன்றைக்கே அழித்தேன். அதற்குப் பிறகு அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அக்கா விரி என்ற பகுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். கணவர் பஸ் ஓட்டுநர். இரண்டு மகன்களும் படித்து முடித்து வேறு ஊர்களில் இருந்தார்கள். நாய்களை அவர் வேடிக்கைக்காக வளர்க்கவில்லை. காட்டுப்பன்றி வேட்டைக்காக வளர்த்தார். இது தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தேவாலயத்தில் பூசைக்குப் போகிற இந்த அம்மாவா கத்தியோடு காட்டில் ஓடுகிறார் என்று நினைத்தேன். என் கணவர் நம்பவே இல்லை.

ஆனால் அந்த நாய்களை அவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் தான் தேநீர் குடிப்பதற்கு முன்னால் இரண்டின் பாதங்களையும் விரித்து, நகத்துக்கு இடையில் முள் இருக்கிறதா என்று பார்ப்பார். காதைப் புரட்டிப் பார்ப்பார். இரண்டோடும் தமிழிலேதான் பேசுவார். ஒன்று வரி வரியான வயதான பெட்டை. அதைக் கிழவி என்று கூப்பிட்டார். மற்றது தடித்த கழுத்துள்ள கறுப்பு ஆண். அது கறுப்பன். "என்ரை பெடியங்கள் இங்கிலீசிலைதான் மறுமொழி சொல்லுவாங்கள். வீட்டிலை தமிழ் விளங்கிற ஆக்கள் இதுகள் ரெண்டும்தான்" என்பார்.

போன வருடம் குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, நாளைக்கு என்ன செய்யிறியள்?"

"ஒண்ணும் இல்லக்கா. வழக்கம்போல நடக்கப் போவேன்."

"நடக்கிறதெண்டால் என்னோடை வாறியளோ? மனுசனுக்கு முழங்கால் ஒப்பரேசன் எண்டு தெரியும்தானே. ஹுனுவா மலையடியிலை ஒரு பண்ணைக்காரர் போன் எடுத்தவர். பண்டி வந்து புல்லுத்தரையெல்லாம் கிண்டிப்போட்டுதாம். காட்டுக்குள்ளை நான் தனியப் போறேல்லை. அது என்ரை சட்டம். ஆள் ஒண்டு கூட வேணும். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்."

நான் வாரம் தவறாமல் மலைப்பாதைகளில் நடக்கிறவள். காலில் பலம் இருந்தது. ஆனால் வேட்டை? கோழிக்குழம்பு சாப்பிடுவேன். கடையில் பொட்டலத்தில் இருக்கும் கோழிதான் எனக்குத் தெரிந்த கோழி. எதுவும் சாகிறதை நேரில் பார்த்ததில்லை. இதை அவரிடம் சொன்னேன்.

"பாக்க விருப்பமில்லையெண்டால் மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இரவு சாப்பாட்டின்போது கணவர் கேட்டார். கல்லைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போன அந்த மனுஷி என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அதனால்தான்.

மறுநாள் வெளிச்சம் வரும்போது நாங்கள் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அக்காவிடம் பழைய யூட் ஒன்று இருந்தது. பின்னால் திறந்த தட்டு, அதில் இரும்புக் கூண்டு, கூண்டில் நாய்கள். விரியைக் கடக்கும்போது தன் கிடங்கின் கூரையைக் காட்டினார். மற்றபடி அதிகம் பேசவில்லை. பண்ணைக்குப் போனதும் யூட்டை நிறுத்திவிட்டு அவர் செய்த முதல் வேலை, பூட்ஸைக் கழுவியது. முதல்நாளே கழுவியதுதான். மறுபடியும் தூரிகையால் தேய்த்து, மருந்துத் தண்ணீர் தெளித்து, என் காலணியையும் வாங்கித் தேய்த்து, நாய்களின் பாதங்களையும் துடைத்தார். கௌரி என்று இங்கே சொல்லுகிற காட்டுப் பெருமரங்களுக்கு வரும் வேர்நோய், காலில் ஒட்டும் மண்ணோடு பரவும். "பண்டி ஒரு பக்கம் பரப்புது. நாங்களும் சேர்ந்து பரப்பக்கூடாது" என்றார். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பத்து நிமிடம் அதற்கே போனது.

பண்ணைக்காரர் எழுபதை நெருங்கும் உயரமான வெள்ளைக்காரர். வேலியோரம் கூட்டிப்போய்க் காட்டினார். கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் புல்வெளி புரண்டு கிடந்தது. யாரோ குடிபோதையில் டிராக்டர் ஓட்டிய மாதிரி இருந்தது. "எல்லாவற்றையும் முடித்துவிடு" என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா யூட்டுக்குத் திரும்பினார்.

இரண்டு நாய்களுக்கும் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி மாட்டினார். அவை இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் சிறிய கருவியை என் கையில் கொடுத்தார். கறுப்பனுக்கு மட்டும் கழுத்திலிருந்து நெஞ்சு வரை மூடும் தடித்த கவசம். கிழவிக்கு அது இல்லை. காரணம் கேட்டேன்.

"கிழவி தேடி மறிக்கிற ஆள். பண்டிக்குக் கிட்டப் போகமாட்டாள். முன்னாலை நிண்டு குலைச்சுக்கொண்டு நிப்பாள். இவன் பிடிக்கிற ஆள். இவனைக் கயித்திலை என்னோடைதான் வச்சிருப்பன். நான் கண்ணாலை பாத்து, இது பிடிக்க வேண்டிய பண்டிதான் எண்டால் மட்டும் அவிட்டு விடுவன்."

"துப்பாக்கி?"

"இல்லை. நாய் பிடிச்சிருக்கேக்கை சுட்டால் நாய்க்குப் படும்." இடுப்பில் இருந்த கத்தியைத் தொட்டுக் காட்டினார். "பண்டியைக் கண்டால் மரத்துக்குப் பின்னாலை நில்லுங்கோ. ஓடாதேங்கோ."

வேலியைத் தாண்டியதும் ஏற்றம். நான் நடந்து பழகிய பாதைகளில் படிக்கட்டு இருக்கும், கைப்பிடி இருக்கும், அம்புக்குறி இருக்கும். இங்கே எதுவும் இல்லை. மரப்பெரணிகளுக்கு நடுவில் கறுப்புக் கொடிகள் வலை மாதிரி பின்னிக் கிடந்தன. காலை எடுத்தால் கை சிக்கும், கையை எடுத்தால் பை சிக்கும். அடியில் ஈரக் களிமண். கோர்ஸ் புதர்களின் முள் கால்சட்டையைத் துளைத்தது. அக்கா எனக்கு முன்னால் கொடிகளுக்கு அடியில் குனிந்து, இடுப்பை ஒரு பக்கம் வளைத்து, எங்கும் சிக்காமல் போய்க்கொண்டிருந்தார். போர்க்லிஃப்டைக் குறுகலான அடுக்குகளுக்கு நடுவே ஓட்டி ஓட்டி வந்த பழக்கமோ என்று நினைத்தேன்.

போகும்போதே தரையைப் படித்தார். ஒரு மரத்தடியில் தொடை உயரத்துக்குச் சேறு பூசியிருந்தது. "இதிலை முதுகு தேய்ச்சிருக்குது. உயரத்தைப் பாருங்கோ, பெரிசு." இன்னோர் இடத்தில் குனிந்து, கிண்டிய மண்ணை விரலால் தொட்டார். "இது பழசு. நாலு நாள்." சிறிது தூரத்தில் மறுபடியும். "இது இண்டைக்கு." இரண்டும் எனக்கு ஒரே மண்ணாகத்தான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் ஏறியிருப்போம். முன்னால் தேடிப் போயிருந்த கிழவி எங்கோ குரைத்தது. நான் கருவியைப் பார்ப்பதற்குள் அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஓடிக்கொண்டு குலைச்சால் ஒரு சத்தம். நிண்டு குலைச்சால் வேறை சத்தம். இது நிண்டு. மறிச்சிட்டாள். வாங்கோ."

வாங்கோ என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. அந்தச் சரிவில் அவர் ஓடினார். நான் பாதி ஓடியும் பாதி உட்கார்ந்து சறுக்கியும் போய்ச் சேர்ந்தேன். விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு கறுத்த பன்றி நின்றது. மூன்று கஜ தூரத்தில் கிழவி, ஒரே தாளத்தில் குரைத்தபடி. கயிற்றில் இருந்த கறுப்பன் முன்னங்கால் தரையில் படாமல் எம்பியது. "இதைப் பிடியுங்கோ" என்று அக்கா கயிற்றின் நுனியை என்னிடம் தந்துவிட்டு இரண்டடி முன்னால் போய்ப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பன்றியின் வயிற்றுக்கு அடியில், மரத்தின் நிழலில், பூனை அளவுக்குக் குட்டிகள். ஏழோ எட்டோ. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

அக்கா சத்தம் போடவில்லை. வீட்டுக்குள் குழந்தையிடம் சொல்லுகிற குரலில் சொன்னார்:

"விடு."

கிழவியின் குரைப்பு பாதியில் நின்றது. உடம்பு முழுக்க நடுங்கியது. பன்றியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு அடி பின்னால் வந்தது. இன்னோர் அடி. பிறகு திரும்பி வந்து அக்காவின் காலோடு ஒட்டி நின்றது. கறுப்பனும் எம்புவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது. பன்றி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உறுமிக்கொண்டே குட்டிகளை ஓட்டிக்கொண்டு பெரணிக்குள் போய்விட்டது.

வேட்டையாட வந்த மிருகத்தின் வாயிலிருந்து வேட்டையை ஒரு சொல்லால் பிடுங்க முடியும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷ வேலையில் நான் பார்த்த எந்த மேலாளரின் சொல்லுக்கும் அந்தப் பலம் இருந்ததில்லை.

"விட்டுட்டீங்களேக்கா. அவர் எல்லாத்தையும் முடிக்கச் சொன்னாரே" என்றேன்.

"பால் குடிக்கிற குட்டியள். தாயைக் கொண்டால் அதுகள் ரெண்டு நாளிலை பசியிலை செத்துப்போகும். அது வேட்டையில்லை." கிழவியின் தலையைத் தடவினார். "அவருக்கு நான் சொல்லுவன்."

முதுகு தேய்த்த அந்தப் பெரிய பன்றியை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண்டோம். வேட்டைக்காரர்கள் தனியன் என்று சொல்லுகிற, கூட்டத்தோடு சேராத ஆண். ஓடை ஒன்றின் வளைவில், பாறைக்கும் கரைக்கும் நடுவில், கிழவி அதை மறித்து வைத்திருந்தது. கீழ்த்தாடையிலிருந்து இரண்டு பக்கமும் கோரைப்பல் வெளியே வளைந்து நின்றது. தண்ணீர் கலங்கிச் சாயத் தண்ணீர் மாதிரி ஓடியது. அக்கா என்னை ஒரு மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். பார்த்தார். கறுப்பனை அவிழ்த்தார்.

நான் திரும்பி நிற்கவில்லை. திரும்ப நேரமும் இல்லை. கறுப்பன் நேராகப் போய்க் காதைக் கவ்வியது. பன்றி தலையை ஒரு வீசு வீசியது. நாய் பாறையில் மோதியும் பிடியை விடவில்லை. அக்கா தண்ணீருக்குள் இறங்கி, பின்பக்கமாகச் சுற்றிப்போய், பன்றியின் பின்னங்கால் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, தோளால் தள்ளி அதைச் சாய்த்தார். தன்னைவிடக் கனமான மிருகத்தை. ஒரு முழங்கால் அதன் மேல். கத்தி முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே முறை இறங்கியது. நான் எண்ணியிருந்தால் பத்து வரை போயிருக்காது. பன்றி அசைவதை நிறுத்தும் வரை அவர் அதன் விலாவில் கை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "விடு" என்றார். கறுப்பன் விட்டது.

விட்டதும் அது தள்ளாடிக் கரைக்கு ஏறிப் படுத்துக்கொண்டது. கவசம் முடிகிற இடத்துக்குப் பின்னால், விலாவில், என் உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அப்படி அடிபட்டுக்கொண்டுதான் அது பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இஞ்சை வாங்கோ. இதிலை கையை வைச்சு அமத்துங்கோ. பயப்பிடாதேங்கோ, கடிக்கமாட்டான்."

அமுக்கினேன். ரத்தம் சூடாக இருந்தது. நாய் என் முகத்தையே பார்த்தது. அக்கா பையிலிருந்து உப்புத்தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காயத்தைக் கழுவினார், விரலால் ஓரத்தை விலக்கி உள்ளே பார்த்தார். "குடலுக்குப் போகேல்லை. ஆனால் ஆழம். தையல் போடோணும்." அகலமான துணிக்கட்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"பன்னிய என்னக்கா பண்றது?"

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிடக்கட்டும். இடத்தை மட்டும் உதிலை குறிச்சு வையுங்கோ" என்று என் கையிலிருந்த கருவியைக் காட்டினார். பெரணி ஓலை நாலைந்தை ஒடித்து நான்தான் அதை மூடினேன்.

முப்பது கிலோ நாயைத் தோளின் மேல், ஆட்டுக்குட்டியைப் போடுகிற மாதிரி குறுக்கே போட்டுக்கொண்டார். "நீங்கள் முன்னாலை போங்கோ. வழி நீங்கள்தான்." ஏறி வந்த தடத்தைக் கருவி கோடாகக் காட்டியது. கோட்டில் கொடிகளும் பள்ளங்களும் இல்லை. ஒரு இடத்தில் நான் தவறான சரிவில் இறக்கிவிட்டேன். பதினைந்து நிமிடம் வீணாகி மறுபடியும் மேலே ஏற வேண்டியிருந்தது. "சாரிக்கா" என்றேன், அழுகை வந்துவிட்டது. "பரவாயில்லை. முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். ஒரு பள்ளம் தாண்டும்போது நான் கொஞ்ச நேரம் தூக்குகிறேன் என்று வாங்கினேன். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர் மறுபடியும் வாங்கிக்கொண்டார். வழி முழுக்க அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்ரை குஞ்சு, என்ரை ராசா, இன்னும் கொஞ்சத் தூரம்தான், கண்ணை மூடாதை. இரண்டு மணி நேரம் ஆனது.

போனில் சிக்னல் வந்ததும் பண்ணைக்காரரைக் கூப்பிட்டோம். காட்டின் விளிம்பு வரை நாலு சக்கர பைக்கில் வந்துவிட்டார். நாயைப் பார்த்ததும் தன் கோட்டைக் கழற்றி விரித்தார். நாய் மருத்துவருக்கும் அவரே போன் பண்ணினார். இப்போது எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று நான் நினைத்தேன். அக்காவின் சட்டை முழுக்க ரத்தம், உதடு உலர்ந்து வெடித்திருந்தது. ஆனால் யூட்டில் ஏறுவதற்கு முன் அவர் நின்று சொன்னார். பெரிய ஆண் ஒன்று ஓடையில் கிடக்கிறது. மேலே ஒரு பெண்பன்றியும் குட்டிகளும் இருந்தன. அதை விட்டுவிட்டேன்.

பண்ணைக்காரரின் முகம் இறுகியது. புரண்டு கிடந்த தன் புல்வெளியைப் பார்த்தார். கோட்டில் சுருண்டு கிடந்த நாயைப் பார்த்தார். கடைசியில், "அடுத்த முறை அதை என்னிடம் சொல்லாதே" என்றார். அடுத்த முறை உண்டு என்று அதற்கு அர்த்தம் என எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாய் மருத்துவமனையில் சேறும் ரத்தமுமாக நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பெண் தன் பூனைக்கூடையை மடியில் இறுக்கிக்கொண்டாள். காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கேட்டேன், ஊரில் பழகிய வேட்டையா என்று.

அக்கா சிரித்தார். "ஊரிலை நான் நாயைக் கண்டால் றோட்டுக்கு மற்றப் பக்கம் போற ஆள். இஞ்சை வந்துதான் எல்லாம். வேலையிலை ஒரு மாவோரிப் பொம்பிளை. ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பண்டி இறைச்சி கொண்டு வந்தா. எங்கை வாங்கினது எண்டு கேட்டன். வாங்கேல்லை, வா காட்டிறன் எண்டா. போனன். முதல் நாள் முழுக்க விழுந்து விழுந்து வந்தன். அண்டைக்கு இரவுதான் தங்கச்சி, இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒண்டையும் யோசியாமல் நித்திரை கொண்டன்." கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "அதுக்காகத்தான் இறைச்சி இல்லாட்டிலும் போறனான்" என்றார்.

மருத்துவர் வெளியே வந்தார். இரண்டு அடுக்காகத் தைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் கஷ்டம், கட்டு நன்றாகக் கட்டியிருந்தீர்கள் என்றார். அக்கா தலையை ஆட்டினார். பிறகு கழிப்பறைக்குப் போய் நீண்ட நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பன்றியை அன்றே பண்ணைக்காரர் ஆள் வைத்து இறக்கித் தொங்கவிட்டிருந்தார். மறுநாள் பூசை முடிந்து அக்கா போய் எடுத்துவந்தார். பின்தொடை ஒன்று பண்ணைக்காரருக்கு, ஒன்று கிடங்கில் இருப்பவர்களுக்கு, மிச்சம் கோயிலில் தெரிந்தவர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். எனக்கும் ஒரு பங்கு தந்தார். எனக்குச் சமைக்கத் தெரியாது என்றதும் வறுத்த மிளகாய்த்தூள் போட்டு அவரே ஆக்கிக் கொண்டுவந்தார். நான் அதுவரை பன்றி சாப்பிட்டதில்லை. மூன்று துண்டு சாப்பிட்டேன். இந்த ஒரு கறி எங்கிருந்து வந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியும் என்ற நினைப்பு சாப்பிடும்போது வந்தது. கணவர் தொடவில்லை. ஆனால் நான் சொன்ன கதையை இரண்டு தடவை கேட்டார்.

கறுப்பன் தேறியது. சிரைத்த விலாவில் மயிர் முளைக்க ஆரம்பித்ததும் சாயங்காலங்களில் நான் அதைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவேன். வசந்தம் முடியும் சமயம் பண்ணைக்காரர் கூப்பிட்டபோது நானும் சேர்ந்து போனேன். கவசம், பட்டி, கயிறு எல்லாம் முன்போலத்தான். ஆனால் முன்பு பன்றி முதுகு தேய்த்திருந்த அந்த மரத்தடியில் புதுச் சேற்றின் வாசனை வந்ததும் கறுப்பன் நின்றுவிட்டது. வாலை ஒடுக்கிக்கொண்டு பின்னால் வந்து என் காலடியில் உட்கார்ந்தது. கிழவி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தது.

இப்படிப் பயந்த நாயை மறுபடியும் பழக்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேறு நாய் மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அக்கா குனிந்து அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கவசத்தின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"காணும் அப்பு. நீ செய்தது போதும்" என்றார்.

கவசத்தைத் தன் பையில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். இல்லை. அன்று வேட்டை வேண்டாம், சும்மா நடப்போம் என்றார். கிழவியையும் கூப்பிட்டுக் கயிற்றில் மாட்டினார். மேட்டு உச்சி வரை ஏறி, அங்கே உட்கார்ந்து, அவர் கொண்டுவந்திருந்த மீன் ரொட்டியைச் சாப்பிட்டோம். கறுப்பன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, தனக்குரிய பங்கை வாங்கித் தின்றது.